மேடைக்குப் பின்னால் நின்ற கைகள்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இம்மலரைக் கையில் ஏந்தும் இளைஞர்களுக்கு எந்த வரலாற்றைச் சொல்வது என்று எண்ணிப் பார்த்தோம். மன்னர் வரலாறும் போர் வரலாறும் பள்ளிப் பாடநூல்களில் உள்ளன. தலைவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் விழா எடுத்துப் பேசி வருகிறோம். உழைப்பின் வரலாறு மட்டும் பெரும்பாலும் எழுதப்படாமல் கிடக்கிறது. அவ்வுழைப்பிலும், பிறர் கண்ணில் படாமல் நடந்த உழைப்பு ஏட்டில் ஏறுவது மிக அரிது. ஆகவே, ஊர் ஊராகச் சென்று பாடியும் வாசித்தும் நடித்தும் புகழ்பெற்ற கலைஞர்களுக்குப் பின்னால் நின்று, கருவி கட்டியும் விளக்குச் சுமந்தும் திரை இழுத்தும் ஒலிபெருக்கி கட்டியும் வாழ்ந்த மக்களைப் பற்றிய செய்திகளை இங்கே தொகுத்துரைக்க முற்படுகிறோம்.

இதனை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் தெருக்களில் இன்று இருவேறு குரல்கள் கேட்கின்றன. "தோலைத் தொட்டது போதும், மேளத்தைத் தூக்கியது போதும், பிள்ளைகள் படித்து அலுவலகம் செல்லட்டும்" என்பது பெரியோர் பலரின் குரல். "நம் முன்னோர் கற்ற கலையை நாம் ஏன் கைவிட வேண்டும்?" என்பது இளைஞர் சிலரின் குரல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேசினால் இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பது நமது கருத்து.

நந்தனார் தந்த தோல்

மேடைக்குப் பின்னால் நின்று உழைத்தோருள் தமிழ் இலக்கியம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒருவர் உண்டு. அவர் நாம் அனைவரும் அறிந்த நந்தனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், அவரைத் திருநாளைப்போவார் என்று போற்றுகிறது. நந்தனார் தில்லைக்குச் சென்ற கதையை அறிந்த பலர், அவர் ஆதனூரில் இருந்துகொண்டு என்ன பணி செய்தார் என்பதை அறியார். சிவன் கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும், இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார் என்கிறது அந்நூல்.

இச்செய்தியை ஊன்றிப் பார்க்க வேண்டும். கோயிலின் உள்ளே முழங்கிய முரசின் தோல் அவர் கை வழியாகச் சென்றது. உள்ளே ஒலித்த யாழின் நரம்பும் அவர் கை வழியாகவே சென்றது. அவரோ வெளியே நின்றார். கொடுத்த பொருளுக்குத் தீட்டு இல்லை. கொடுத்த மனிதனுக்கு மட்டும் தீட்டு உண்டு என்று விதித்த சமுதாயம் அது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனைகளாகப் பாடினார். அதன்பின் கதாகாலட்சேபத்திலும் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் நந்தன் கதை வலம் வந்தது. நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். நந்தன் மேடை ஏறிவிட்டான். அந்த மேடையில் தாளம் காட்டிய மிருதங்கத்திற்குத் தோல் கட்டிய நந்தனின் வழித்தோன்றல்கள் மட்டும் மேடை ஏறவில்லை.

கவலையும் பறையும்

கொங்கு நாடு மேய்ச்சல் நிலமும் கிணற்றுப் பாசனமும் மிகுந்த நாடு. காங்கேயம் காளையின் பெயரை அறியாதார் இலர். ஆற்றுப் பாசனம் குறைந்த இம்மண்ணில் ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டி, எருதுகளைக் கொண்டு நீர் இறைத்தே வேளாண்மை நடந்தது. கவலையின் சாலுக்கு அடியில் பொருத்தப்படும் தும்பி தோலால் ஆனது. அது கிழிந்தால் இறைக்கும் நீர் கிணற்றுக்கே திரும்பும், பயிர் வாடும். அத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, தைத்து, நீர் ஒழுகாமல் காத்தவர்கள் அருந்ததியர். பருத்தியும் புகையிலையும் கரும்பும் விளைந்த கொங்கு நாட்டின் செல்வத்திற்கு அவர்கள் தைத்த தையலும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது. கூலி பெரும்பாலும் அறுவடைக் காலத்துத் தானியமாகவே கிடைத்தது.

தோலை அறிந்த கைகளுக்குப் பறையும் தெரிந்திருந்தது வியப்பன்று. மரத்துண்டுகளை வளைத்து இணைத்து வட்டச் சட்டம் அமைத்து, புளியங்கொட்டைப் பசை தடவி, பதப்படுத்திய தோலை இழுத்து ஒட்டி, நிழலில் உலர்த்திப் பறை செய்கிறார்கள். அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரு குச்சிகளால் அதனை முழக்குகிறார்கள். வாசிக்கும் முன்னர்ச் சருகு மூட்டித் தீயில் காய்ச்சுவது வழக்கம். தோலில் உள்ள ஈரம் வெளியேறும்போது அது இறுகுகிறது. இறுகும்போது நாதம் உயர்கிறது. எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எப்போது எடுப்பது என்பதைக் கையும் காதுமே முடிவு செய்யும். இது அனுபவத்தால் வந்த அறிவியல்.

மாரியம்மன் நோன்பு முதல் இறுதி ஊர்வலம் வரை பறை இல்லாத நிகழ்ச்சி கொங்குச் சிற்றூரில் இருந்ததில்லை. ஆனால் அது கலைஞன் விரும்பி வாசித்த வாசிப்பாக எண்ணப்படவில்லை. அழைத்தால் வந்தே தீர வேண்டிய ஊர் ஊழியமாகவே எண்ணப்பட்டது. மறுக்கும் உரிமை இல்லாத வேலைக்குக் கலை என்று பெயரிட எவர்தாம் துணிவர்?

ஊர் ஊராகச் சென்ற நாடகம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் நாடகம் பெரும் வளர்ச்சி பெற்றது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களைக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொண்டு சென்றன. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை 1862-இல் நிறைவடைந்த இருப்புப் பாதை ஈரோடு, போத்தனூர் வழியாகச் சென்றது. அதனால் ஈரோடும் கோவையும் நாடகக் கம்பெனிகளுக்கு எளிதில் எட்டும் ஊர்களாயின. அவ்வை டி.கே. சண்முகம் சகோதரர்களின் முயற்சியால் நாடகக் கலை வளர்ச்சிக்கென 1944-இல் மாநாடு கூடியதும் ஈரோட்டிலேதான்.

அக்காலத்து நாடகம் இசை நாடகம். நடிகர் என்பவர் முதலில் பாடகர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை கேட்கும்படி மேற்சுருதியில் பாடவேண்டும். சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவ்வாறு பாடியே நாட்டை ஆண்டனர். அவர்களுடைய புகழைப் பேசும்போது, அந்த இரவு நடைபெறுவதற்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதையும் எண்ண வேண்டும்.

தொடர்வண்டியிலிருந்து இறங்கிய பெட்டிகளையும் திரைச் சுருள்களையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து கொட்டகை எழுப்ப வேண்டும். அரண்மனை, காடு, தெரு என்று எழுதிய படுதாக்களைக் கயிற்றில் ஏற்றி, பாட்டின் கடைசி அடி முடியும் நேரம் அறிந்து இழுக்க வேண்டும். காஸ் விளக்கிற்குக் காற்றடித்து, வலை கிழியாமல் காத்து, விடியும்வரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனி இறங்கும் இரவில் தளரும் மிருதங்கத் தோலை இடைவேளையில் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். விடிந்ததும் அனைத்தையும் பிரித்துக் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும்.

இப்பணிகளில் ஒன்று தவறினாலும் நாடகம் நின்றுபோகும். நடிகர்களின் வாழ்க்கை வரலாறுகள் அச்சில் வந்துள்ளன. டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' 1972-இல் வெளிவந்து, அக்காலத்தை அறிய இன்றும் துணை செய்கிறது. விளக்குச் சுமந்தவர் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்றை நாம் கண்டதில்லை. அவருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது என்பதே அதற்கு முதற்காரணம். கல்விச் சங்கம் ஒன்றின் மலரில் இதனை நாம் அழுத்திச் சொல்வது பொருத்தமேயாகும்.

மின்சாரம் பறித்ததும் தந்ததும்

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவையின் ஆலைகள் பெருகின. காலப்போக்கில் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. பம்பு செட்டு வந்த கிணற்றிலிருந்து கவலை இறங்கியது. கவலையோடு தோல் தும்பியும் மறைந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோல் தைத்து வந்த குடும்பங்கள் வேறு வேலை தேட நேர்ந்தது. அதே கோவை நாடெங்கும் பம்பு செய்து அனுப்பும் நகரமாக உயர்ந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஓர் ஊரின் முன்னேற்றம் அவ்வூரிலேயே ஒரு தொழிலின் முடிவாகவும் இருந்திருக்கிறது.

பறித்த மின்சாரமே வேறொன்றையும் தந்தது. அதுதான் ஒலிபெருக்கி. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரசு மாநாட்டில் மோத்வானே நிறுவனத்தின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள் முழங்கின. அதற்குப்பின் அரசியல் மேடையும் இசை மேடையும் மாறின. பாடகர் கத்திப் பாட வேண்டிய தேவை குறைந்தது. மெல்லிய குரலும் ஆயிரம் பேரைச் சென்று சேர்ந்தது. மேடைக்குப் பின்னால் புதியதொரு வேலையும் பிறந்தது. தமிழில் அதற்கு 'மைக் செட்' என்றே பெயர் நிலைத்தது.

மைக் செட்டுக்காரரின் பையனாகச் சேர்ந்தவர் முதலில் குழாய் ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்து புளிய மரத்திலோ தென்னையிலோ ஏறிக் கட்டுவார். கம்பி இழுப்பார். இசைத்தட்டின் முள்ளை மாற்றுவார். பின்னர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பழுது பார்க்கக் கற்பார். குரலுக்கு எவ்வளவு, தபேலாவுக்கு எவ்வளவு என்று அளந்து வைக்கும் காது அவருக்கு மெல்ல மெல்ல வாய்க்கும். மெல்லிசைக் குழுக்கள் கொங்கு நாட்டுத் திருவிழாக்களில் இரவெல்லாம் பாடியபோது, அவற்றோடு லாரியில் சென்று, மேடைக்கு அடியில் உறங்கி எழுந்தவர்கள் இவர்கள். இத்தொழிலுக்குச் சாதிப் பெயர் ஒட்டவில்லை. கற்றவன் எவனும் செய்யலாம் என்ற நிலை இருந்தது. ஆகவே நம் தெருப் பிள்ளைகளுக்கும் அது ஒரு திறந்த வாயிலாக அமைந்தது. தோல் தைத்த கை கம்பி இணைக்கவும் கற்றது.

கோவையில் 1930-களில் எழுந்த சென்ட்ரல் ஸ்டூடியோவும், அதன்பின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு நடத்திய பட்சிராஜா ஸ்டூடியோவும் வேறொரு பாடத்தைத் தருகின்றன. நாடகக் கொட்டகையில் பெயரின்றி நின்ற தொழிலாளருள் சிலருக்குத் திரைப்படம் பெயர் தந்தது. ஒலிப்பதிவாளர், ஒளிப்பதிவாளர், ஒப்பனையாளர் ஆகியோரின் பெயர்கள் படத்தின் தொடக்கத்தில் எழுத்தில் வந்தன. சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988) போன்றோர் திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்துக் கூலிக்கும் ஒழுங்கு கண்டனர். பெயர் எழுதப்பட்ட இடத்தில் கூலியும் பேசப்பட்டது என்பது நாம் கற்க வேண்டிய பாடமாகும்.

செபாஸ்டியன் குடும்பம்

மேடைக்குப் பின்னால் நின்றோரின் வரலாறு அண்மையில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூல், மிருதங்கம் செய்யும் குடும்பங்களைத் தேடிச் சென்று அவர்களுடைய சொற்களைப் பதிவு செய்தது. அந்நூலின் நடுநாயகமாக விளங்குவது தஞ்சாவூரில் வாழ்ந்த செபாஸ்டியனின் குடும்பம். அவர்கள் கிறித்தவம் தழுவிய தாழ்த்தப்பட்டோர். செபாஸ்டியனின் மகன்களுள் ஒருவர் பர்லாந்து. பெர்னாண்டஸ் என்னும் பெயரே தமிழ் நாவில் அவ்வாறு திரிந்தது.

நம் மேற்கெல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பகுதியில் 1912-இல் பிறந்தவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர். அவர் தஞ்சாவூர் சென்று வைத்தியநாத ஐயரிடம் பயின்றார். 1966-இல் சங்கீத கலாநிதி பட்டமும் 1971-இல் பத்ம பூஷண் விருதும் பெற்று, 1981-இல் மறைந்தார். மிருதங்க நாதத்தின் இலக்கணமாகவே அவர் போற்றப்படுகிறார். அந்த நாதத்தைத் தோலில் தேடிக் கண்டுபிடித்துத் தந்தவர் பர்லாந்து. வாசிப்பவர் தம் மனத்தில் கேட்கும் ஒலியைச் சொல்வார். செய்பவர் தோலின் கனத்தை மாற்றியும், கரணையின் அளவை மாற்றியும், வாரின் இழுப்பை மாற்றியும் அதனைக் கருவியில் கொண்டு வருவார். இவ்விருவரும் சேர்ந்தே நாதத்தைப் படைத்தனர் என்பதில் ஐயமில்லை.

மிருதங்கத்தின் உடல் பலா மரம். பண்ருட்டிப் பலாவிற்கு இதில் பெயர் உண்டு. அதன் இரு முகங்களும் வார்களும் பசு, ஆடு, எருமை ஆகிய மூன்று விலங்குகளின் தோல்களால் ஆனவை. ஏற்ற தோலைத் தேர்ந்தெடுக்கச் செய்பவர் அறுப்புக் கூடத்திற்கே செல்ல வேண்டும். பசுவைத் தெய்வமாகக் கருதிப் புலால் விலக்கிய குடும்பங்களில் பிறந்த வித்துவான்கள் அக்கருவியை மடியில் வைத்து வணங்கி வாசித்தனர். அறுப்புக் கூடத்திற்கும் பூசை அறைக்கும் இடையேயுள்ள தொலைவை நடந்து கடந்தவர் மிருதங்கம் செய்பவர். அத்தொலைவின் தீட்டு முழுவதும் அவர் தலையில் ஏற்றப்பட்டது. மேடையின் புனிதம் முழுவதும் மற்றவருக்கு ஆயிற்று. நந்தனார் காலத்து நியாயமே 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அந்நூலின் வெளியீட்டு விழாவிற்குச் சென்னைக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்க அனுமதி அளித்துப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 2 அன்று விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தேறியது. தோல் எங்கிருந்து வருகிறது என்று உரக்கச் சொல்வது இக்காலத்திலும் எளிதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கொங்கு நாட்டிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் தோற்கருவி செய்வோர் வாழும் பெருவெம்பு என்னும் ஊர் வருகிறது. நாம் சொல்லும் வரலாறு ஒரு குடும்பத்தோடு முடிவதன்று. கருவி வாசிக்கப்படும் இடமெல்லாம் கருவி செய்பவரும் இருந்திருக்கிறார்.

இராமன் கண்ட உண்மை

இது கையால் செய்யும் வேலைதானே, இதில் அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்போருக்கு அறிவியலே விடை கூறியுள்ளது. சர் சி.வி. இராமன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1934-இல் மீண்டும் இதே பொருள் பற்றி விரிவாக எழுதினார்.

வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையா. அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால், மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றி எழும். அதனால் அவ்வொலிக்குத் தெளிவான சுருதி இராது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கரும்பொட்டு இடப்படுகிறது. அரைத்த கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, கல்லால் தேய்த்து உலர்த்தி, மீண்டும் தடவி, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் அதனை அமைப்பார்கள். அவ்வாறு அமைத்தபின் எழும் அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கிற்கு வந்துவிடுகின்றன. கம்பிக் கருவிக்கு உரிய இனிமை தோற்கருவிக்கும் வாய்க்கிறது. இதனை இராமன் ஆய்ந்து காட்டினார்.

இராமன் விளக்கினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதனைக் கண்டுபிடித்துச் செய்து வைத்தவர்கள் பெயரறியாத கைவினைஞர்கள். அவர்கள் கணக்குப் போடவில்லை. காதால் கேட்டுக் கையால் திருத்தினர். அறிவியல் நூல் விளக்கியவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கண்டுபிடித்தவர் பெயரைத் தாங்க எந்த ஏடும் இல்லை. இராமனின் பெருமையை இது குறைக்காது. எழுத்து யாரிடம் இருந்தது, கருவி யாரிடம் இருந்தது என்பதை இது விளக்குகிறது.

வயலினின் பெயர்ச்சீட்டு

கச்சேரி மேடையில் மிருதங்கத்திற்கு எதிரே வயலின் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் நம் இசைக்குள் வந்த மேனாட்டுக் கருவி அது. வயலினின் மேற்பலகையில் உள்ள துளை வழியாக உள்ளே பார்த்தால், செய்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய சிறு சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்த ஸ்திராடிவாரி 1737-இல் இறந்தார். இன்றும் அவர் செய்த வயலினை அவர் பெயராலேயே உலகம் அழைக்கிறது. வாசிக்கும் வித்துவான் மாறுவார். செய்தவரின் பெயர் மாறாது. மலிவான வயலின் செய்த தொழிற்சாலைகளும் அப்பெயரை அச்சடித்து ஒட்டி விற்றன என்றால், செய்தவர் பெயருக்கு உள்ள மதிப்பு எத்தகையது என்பது விளங்கும்.

அதே மேடையில் மூன்றடி தள்ளி வைத்திருக்கும் மிருதங்கத்தின் உள்ளே அத்தகைய சீட்டு ஒட்டும் வழக்கம் நம் நாட்டில் எழவில்லை. இரு கருவிகளும் மரத்தால் ஆனவை. இரண்டையும் செய்ய ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவை. ஐரோப்பாவில் கைவினைஞன் தன் தொழிலைத் தன் பெயரில் விற்றான். இங்கே கைவினைஞனின் தொழில் அவன் பிறப்பின் கடமை என்று விதிக்கப்பட்டது. கடமைக்குக் கையொப்பம் எதற்கு என்று சமுதாயம் எண்ணிவிட்டது. சாதி நம்மிடமிருந்து நிலத்தையும் நீரையும் பறித்தது என்று பேசுகிறோம். அது நம் கைவினையின் கையொப்பத்தையும் பறித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடுவதா, வளர்ப்பதா?

இனி, தொடக்கத்தில் சொன்ன இரு குரல்களுக்கு வருவோம். 1927-இல் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்கும் ஊழியத்தையும் அதன் இறைச்சியை உண்பதையும் விட்டொழிக்குமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். தமிழகத்திலும் சாவுக்குப் பறையடிக்க மறுத்துப் பல ஊர்களில் நம் மக்கள் போராடினர். அதற்காக அடியும் உதையும் ஊர்விலக்கும் ஏற்றனர். "தோலைத் தொடாதே" என்று சொல்லும் பெரியவர் அந்தப் போராட்டத்தின் வலியிலிருந்து பேசுகிறார். அவரை எள்ளி நகையாடுவது நன்றியன்று.

மற்றொரு பக்கம், திண்டுக்கல்லைச் சேர்ந்த சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்து மேடை ஏறினர். 2018 சனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திற்று. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோவையிலும் பல சாதிப் பிள்ளைகள் காசு கொடுத்துப் பறை கற்கின்றனர். இவற்றைக் காணும் நம் இளைஞன் "நான் ஏன் விட வேண்டும்?" என்று கேட்பது இயல்பே.

இவ்விரு குரல்களுக்கும் இடையே நாம் காண்பது இதுதான். மேடைக்குப் பின்னால் நிற்பது இழிவன்று. கேட்காமல் பிடித்து நிறுத்தப்படுவது இழிவு. உரிய கூலி கிடைக்காமல் நிற்பது இழிவு. பெயரில்லாமல் நிற்பது இழிவு. எந்த வேலைக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதனை நான் விரும்பி ஏற்றேனா? இதற்குரிய கூலி பேசப்பட்டதா? இதில் என் பெயர் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால், அது தோல் கட்டும் தொழிலாயினும் பெருமைக்கு உரியது. ஒன்றுக்கேனும் இல்லை என்றால், அது எத்துணைப் பெரிய மேடையாயினும் பழைய ஊழியமே. பெரியவர் வெறுப்பது தோலையன்று, வற்புறுத்தலை. இளைஞன் விரும்புவது ஊழியத்தையன்று, கலையை. இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பதை உணர்வோமாக.

இளைஞர் செய்ய வேண்டியவை

முதலாவது, மேடைக்குப் பின்னால் உள்ள தொழில்கள் இன்று பெருகியுள்ளன. ஒலிக்கலவை, ஒளியமைப்பு, கருவிப் பராமரிப்பு, மேடை அமைப்பு என்று இசை நிகழ்ச்சிகளோடு பயணம் செய்வோர் பலர். இவற்றைக் கைப்பழக்கமாகக் கற்றதோடு நின்றுவிடாமல் முறையாகப் பயில வேண்டும். சென்னை தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மின்னியல் பட்டயம் பெற்ற பிள்ளைக்கும் இத்துறையில் இடமுண்டு. இராமனின் கட்டுரையைப் படிக்கும் இயற்பியல் மாணவர் நம் தெருவிலிருந்து எழ வேண்டும். செய்பவனும் விளக்குபவனும் ஒருவனே ஆகும் நாள் வர வேண்டும்.

இரண்டாவது, கூலியை வாயால் பேசி விடாமல் எழுத்தில் பெற வேண்டும். பயணச் செலவு, உணவு, தங்குமிடம், இரவு வேலைக்கு உரிய தொகை ஆகியவற்றை முன்னரே எழுதி வாங்குவது நம் உரிமை. கம்பத்தில் ஏறுவோரும் மின்கம்பி தொடுவோரும் பாதுகாப்புக் கேட்பது கோழைத்தனமன்று. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென அரசு அமைத்த நல வாரியத்தில் தகுதியுடையோர் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, பெயர்களை எழுதி வைக்க வேண்டும். நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள முதியோர் ஒருவரிடம் அமர்ந்து கேட்கட்டும். தாத்தா எந்தக் குழுவோடு போனார், எந்தெந்த ஊருக்குப் போனார், என்ன கூலி பெற்றார், எந்தக் கருவியை யாரிடம் கற்றார், எங்கே உணவு கொடுத்தார்கள், எங்கே உள்ளே விடவில்லை என்பவற்றையெல்லாம் கேட்டு எழுதட்டும். பாட்டியிடமும் கேட்கட்டும், தோலைக் கழுவி உலர்த்தியதில் பெண்களின் உழைப்பும் கலந்துள்ளது. வார், மூட்டு, கரணை, தும்பி, படுதா போன்ற தொழிற்சொற்களையும் அவற்றின் பொருளோடு குறித்து வைக்கட்டும். சொல் அழிந்தால் அதனுள் இருக்கும் அறிவும் அழியும்.

கருவி செய்யும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கட்டும் ஒவ்வொரு கருவியின் உட்புறத்திலும் உங்கள் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். கேட்பவர் கேட்கட்டும், சிரிப்பவர் சிரிக்கட்டும். நூறு ஆண்டுகளுக்குப் பின் பழுது பார்க்கத் தோலைப் பிரிப்பவன் அப்பெயரைப் படிப்பான்.

இந்த வெள்ளிவிழா மலரில் நாம் பெயர் சொல்ல முடிந்தவர்கள் மிகச் சிலரே. இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் நமது சங்கம் பொன்விழாக் காணும். அப்போது வெளிவரும் மலரில், மேடைக்குப் பின்னால் நின்ற கொங்கு நாட்டுக் கைகளின் பெயர்ப் பட்டியல் பக்கம் பக்கமாக அமைய வேண்டும். அதனை எழுதும் பொறுப்பு இன்று இதனைப் படிக்கும் உங்களுடையது.